ஆதி தாளத்துக்கு 128 பிரேம்: குற்றாலக் குறவஞ்சியை அனிமேஷன் படமாக்கும் செய்முறை

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி, பாடி ஆடுவதற்கென்றே அமைந்த 18ஆம் நூற்றாண்டு இசை நாடகம். குற்றாலநாதரின் பவனியைக் கண்டு காதலில் ஏங்கும் வசந்தவல்லிக்குக் குறத்தி சிங்கி குறி சொல்வதும், அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருவதும் கதை. அச்சுப் பதிப்பைத் திறந்தால் கீர்த்தனைகளின் தலையில் இராகமும் தாளமும் இருக்கும், மெட்டு இருக்காது. அதனால் படமாக்க நினைப்பவர் மெட்டமைப்பிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அது சுமை மாதிரி தெரிந்தாலும் உண்மையில் பெரிய வசதி. பாட்டின் வேகத்தைப் படத்தின் கணக்குக்கு ஏற்ப முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம்.

காரைக்குடியில் பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டில் கண்ணாடி மேசை போட்டு, அட்டைப் பாவைகளைக் கையால் நகர்த்திப் படம்பிடித்த 20 நிமிடக் கட்-அவுட் அனிமேஷனின் குறிப்புகள் இவை. தாளத்தைப் பிரேமோடு பொருத்தும் முறையைத் தமிழில் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

காலப்பிரமாணத்தைப் பூட்டுவது

படம் நொடிக்கு 24 பிரேம். நிமிடத்துக்கு 1,440. இதை நிமிடத்துக்கான அட்சர (தாளத்தின் ஓர் அலகு) எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அட்சரத்துக்கு எத்தனை பிரேம் என்று வரும். 60 அட்சர வேகத்துக்கு 24 பிரேம், 72-க்கு 20, 80-க்கு 18, 90-க்கு 16, 120-க்கு 12.

எல்லாமே முழு எண்தானே, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. கையால் நகர்த்தும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவோம். எனவே அட்சரத்தை நடைப்படி (சதுரச்ரம் நான்காக, திச்ரம் மூன்றாக) பிரித்தால் வரும் ஒவ்வொரு துண்டும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். சதுரச்ர நடையில் 72 வேகத்தை எடுத்தால் கால் அட்சரத்துக்கு 5 பிரேம், ஒற்றை. 80-ஐ எடுத்தால் நாலரை, எங்கேயும் உட்காராது. 90-ஐ எடுத்தால் 4, கச்சிதம். 60-க்கு 6, அதுவும் சரி. திச்ர நடைக்கு 18 பிரேம் (80 வேகம்) மூன்றாகப் பிரிந்து 6, 6, 6 என்று நிற்கும். 12 பிரேமும் 4, 4, 4 என்று நிற்கும். 90 வேகத்தில் திச்ரம் வைத்தால் 16-ஐ மூன்றால் வகுக்க முடியாமல் பாவையின் கால் எப்போதும் தாளத்துக்குச் சற்று முன்னோ பின்னோ விழும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும்.

மிச்ரசாபு தாளத்துக்கு ஏழு துண்டு. துண்டுக்கு 8 பிரேம் வைத்தால் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 56 பிரேம், 24-ம் 32-மாகப் பிரியும். இந்தப் படத்தில் சதுரச்ரப் பாட்டுகள் 90, திச்ரம் 80, வசந்தவல்லியின் ஏக்கம் 60, சாபுக்குத் துண்டு 8 பிரேம். இந்த நான்கைத் தவிர வேறு வேகமே கிடையாது என்று மெட்டுப் போடும்போதே முடிவு செய்தாயிற்று. பாடகருக்கு 84-ல்தான் குரல் நன்றாக ஓடுகிறது என்றால் சுருதியை மாற்றிப் பார்க்கலாம். வேகத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி சொல்லை அட்சரத்தில் அடுக்க வேண்டும். பந்தாட்டப் பாட்டு ‘செங்கையில் வண்டு கலின்கலி னென்று செயஞ்செயம் என்றாட’ என்று தொடங்குகிறது; அடுத்த அடியின் எடுப்பாக (பாட்டு தொடங்கும் இடமாக) ‘இடை’ முன்கூட்டியே வருகிறது. இதை எங்கள் மெட்டில் 90 வேகத்தில், எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் வைத்தோம். செங்கையில், வண்டுக, லின்கலி, னென்றுசெ, யஞ்செயம், என்றா: ஆறு அட்சரம். ஏழாவதில் ‘ட’ நீளும். எட்டாவதின் முதல் பாதி வெறுமை, பின்பாதியில் ‘இடை’. ஓர் அடி, ஓர் ஆவர்த்தனம், 128 பிரேம். எழுதியவர் காதில் தாளத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பது இப்படிப் பிரேமில் அடுக்கும்போது கண்ணுக்கே தெரிகிறது.

ஷாட்டை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு சமத்திலும் (சுற்றின் முதல் தட்டில்) வெட்டினால் பாட்டு பெட்டி பெட்டியாகத் துண்டாகித் தெரியும். எடுப்பில் வெட்ட வேண்டும். ‘இடை’ விழும் 121ஆம் பிரேமில் புதுப் படம் வந்தால், சமம் வரும்போது கண் அங்கே உட்கார்ந்து தயாராக இருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் எழுத, கடைத்தெருவில் கிடைக்கும் நீளப் பேரேட்டு நோட்டு மிகப் பொருத்தம். பிரேம் எண், அட்சரம், சொல், பாவை, பந்து அல்லது வேறு பொருள், கேமரா என்று ஆறு பத்தி. 16 பிரேமுக்கு ஒரு கோடு, 128-க்குச் சிவப்புக் கோடு. கணினியில் எக்ஸ்போஷர் ஷீட் (பிரேம்வாரிக் குறிப்புத் தாள்) இருந்தாலும் மேசைப் பக்கத்தில் காகிதத்தில் ஒன்று இருக்க வேண்டும்; கை வேலையின் நடுவே மவுஸைத் தேடக் கூடாது.

பாடல் பதிவு

செட்டிநாட்டு வீட்டின் பட்டாலையில் (பெரிய கூடத்தில்) பாடினால் கேட்க அழகாக இருக்கும், பதிவுக்கு ஆகாது. மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சும் தரைக்கல்லும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். கையைத் தட்டிப் பார்த்தால் வால் நீளமாக வரும். ஒருமுறை பதிவோடு கலந்த எதிரொலியை எடுக்க முடியாது. மெத்தைகள் அடுக்கிய சிறிய உள்ளறைதான் சரியான இடம். தரையில் இரண்டடுக்கு ஜமுக்காளம், பாடகருக்குப் பின்னால் மெத்தையை நிறுத்திவைத்தல், மின்விசிறி நிறுத்தம். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி ஓயாது. அப்போது பதிவை விடியலுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கமும் குரலும் தனித்தனி அறையில். காதில் போகும் தாளத்துக்கு மெட்ரனோமின் ‘டிக்’ வேண்டாம். நாட்டியத்துக்குத் தாளம் தட்டும் நட்டுவாங்கத் தட்டுக்கழியின் ஒலியைப் பதிவு செய்து, சமத்தில் மட்டும் சற்று அழுத்தமாக, 16 பிரேம் இடைவெளியில் அடுக்கிக் கொடுத்தால் கலைஞர்கள் இயல்பாக வாசிக்கிறார்கள். மூடிய ஹெட்போனில், ஒரு காதில் மட்டும். பாட்டுக்கு முன் ஓர் ஆவர்த்தனம் வெறும் தட்டு. 90 வேக ஆதி தாளத்தில் பாட்டின் முதல் சமம் எப்போதும் 129ஆம் பிரேம்.

இது இல்லாமல் வாசித்தால் என்ன ஆகும்? சரணம் முடிந்து மிருதங்கம் சூடேறும்போது வேகம் 2 சதவீதம் கூடுவது மிக இயல்பு. கச்சேரியில் அது குற்றமே இல்லை. இங்கே ஆவர்த்தனத்துக்கு இரண்டரைப் பிரேம் நழுவும். எட்டு ஆவர்த்தனத்தில் 20 பிரேம், அதாவது ஓர் அட்சரத்துக்கும் மேல். கோர்வையை (மிருதங்கம் முத்தாய்ப்பாக வாசிக்கும் தாளக் கணக்கை) பற்றிப் பயம் வேண்டாம். எவ்வளவு சிக்கலான கோர்வையும் சமத்திலோ பாட்டின் எடுப்பிலோ வந்து விழும்; தாளச் சுற்று மாறாததால் சமத்தின் பிரேம் எண் மாறுவதில்லை.

விருத்தங்களுக்குத் தாளம் கிடையாது, பூட்டவும் கூடாது. பாடகரை அவர் போக்கில் பாட விட்டு, பிறகு அலைவடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல் தொடங்கும் பிரேமையும் பேரேட்டில் குறிக்க வேண்டும். விருத்தம் ஓடும்போது பாவை ஏறக்குறைய அசையாமல் இருப்பதே நல்லது. பாடகர் நிறுத்தி வயலின் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் ஒரு தலைதிருப்பல் போதும். குரலில் கமகம் (சுர அசைவு) ஓடும்போது உருவமும் ஓடினால் இரண்டில் ஒன்று வீணாகிறது.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸில். அப்போது ஒரு பிரேமுக்குச் சரியாக 2,000 சாம்பிள். 44.1-ல் எடுத்தால் 1,837.5, அந்த அரை எப்போதும் தொந்தரவு. எடிட்டிங் மென்பொருளில் புராஜெக்ட் 24-தானா, 23.976-ஆ என்று முதல் நாளே பாருங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் 20 நிமிட முடிவில் 1.2 நொடி, 29 பிரேம் விலகி நிற்கும்.

நாடகத்தைச் சுருக்குவது

20 நிமிடம் என்றால் 28,800 பிரேம், 14,400 படம். 90 வேக ஆதி தாளத்தில் கணக்கிட்டால் 225 ஆவர்த்தனம். கையிருப்பு அவ்வளவுதான். நிமிடத்தில் யோசிக்காமல் ஆவர்த்தனத்தில் யோசித்தால் எதை வைப்பது, எதை விடுவது என்று உடனே தெளிவாகிறது. பவனிக்கு 25, பந்தாட்டத்துக்கு 30, நிலவைப் பழிக்கும் ஏக்கத்துக்கு 25, குறத்தி மலைவளம் சொல்வதற்கு 40, குறி சொல்வதற்கு 30, சிங்கன் பறவை பிடிப்பதற்கு 35, சிங்கன்–சிங்கி உரையாடலுக்கு 40.

கட்டியக்காரனின் அறிமுகம், துதிப் பகுதிகள், ஒரே பொருளை மறுபடி சொல்லும் கண்ணிகள் போயின. மேடையில் அவை ஆடுபவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்கும். படத்துக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவதை) மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். ஒரே வரி மூன்று முறை வரும்போது மூன்று முறையும் ஒரே அசைவைச் சுழலவிட்டால் சலிப்பு. இரண்டு சங்கதியை மட்டும் வைத்து, முதலில் உருவம் முழுதாகவும் இரண்டாவதில் முகமோ கையோ அருகிலும் தெரியும்படி செய்தால் பாட்டு வளர்வது கண்ணிலும் தெரியும்.

காட்சி வடிவமைப்பில் ஓர் எச்சரிக்கை. செட்டிநாட்டில் உட்கார்ந்து செய்யும்போது ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையை வசந்தவல்லியின் தெருவில் பதிக்கக் கை துறுதுறுக்கும். அந்தக் கல் குறவஞ்சிக்குப் பல தலைமுறை பிந்தியது. கதை நடப்பது திருக்குற்றாலத்தில். அங்கே அருவியும் மலையும் சித்திரசபையும் இருக்கின்றன. ஆத்தங்குடியிலிருந்து எடுத்துக்கொண்டது வண்ணப்பொடியை மட்டுமே. கல் வார்ப்பவர்கள் பயன்படுத்தும் காவி, மஞ்சள் ஆக்சைடுகள் வெயிலிலும் வெளிறாதவை. கருவேலம் பிசின் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு எடையில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பொடியோடு சம அளவில் அரைத்தால் நல்ல நீர்வண்ணம் கிடைக்கும். காய்ந்து வெடிக்காமலிருக்கச் சில சொட்டுக் கிளிசரின், பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு.

கண்ணாடி மேசை

65×45 செ.மீ. அளவில் 5 மி.மீ. கண்ணாடி மூன்று. ஒன்றின் எடை 3.7 கிலோ அளவில் வரும், அதற்கேற்ற தடித்த சட்டம் வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உடைந்த ஜன்னல்களின் தேக்குச் சட்டங்கள் கிடைக்கும். பழைய தேக்கு முறுக்காது, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. தட்டுகளுக்கு இடையே 10 செ.மீ. பாவைகள் நடுக் கண்ணாடியில், முன்புறச் செடிகொடி மேலே, பின்னணி கீழே. அடியில் 3 மி.மீ. பால்வண்ண அக்ரிலிக், அதன் கீழே விளக்கு.

ஏபிஎஸ்-சி கேமரா, 50 மி.மீ. லென்ஸ், நடுக் கண்ணாடிக்கு 107 செ.மீ. மேலே. அங்கே படப்பரப்பு 48×27 செ.மீ.; கீழ்க் கண்ணாடியில் 52 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஆகையால் பின்னணியை அகலமாக வரைய வேண்டும். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, கால் நொடி. இந்த அமைப்பில் கூர்மை எல்லை 14 செ.மீ. அளவில் இருக்கும், மேலும் கீழும் லேசாகக் கரைந்து ஆழம் கொடுக்கும்.

கண்ணாடி ஒவ்வொன்றும் சுமார் 8 சதவீத ஒளியைப் பிரதிபலித்துத் திருப்பும். மூன்றைக் கடந்தபின் 78 சதவீதமே மிச்சம். அதோடு சாதாரணக் கண்ணாடியில் பச்சைச் சாயல் உண்டு. வெள்ளைச் சமநிலையை மூன்று கண்ணாடியும் இருக்கும்போது, கீழே வெள்ளைத் தாள் வைத்து எடுத்துக் கெல்வின் எண்ணாகப் பூட்டிவிடுங்கள். மேல் கண்ணாடியில் கேமராவே தெரியும். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுப்புத் துணியைக் கேமராவின் கீழ் கட்டினால் தீரும்.

அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் துடிப்பதற்குக் காரணம் மூன்று. முதலாவது வளவு முற்றத்திலிருந்து வரும் பகல் வெளிச்சம். மேகம் ஒன்று கடந்தால் போதும், அத்தனை படமும் பாழ். கதவிடுக்கு வரை கறுப்புத் துணி அடைக்க வேண்டும். இரண்டாவது மின்னழுத்தம். எல்இடி பட்டைகளை நேரடியாக பேட்டரியில் போட்டால் 12.7 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்க இறங்க ஒளியும் மங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி வழியாகப் போட்டால் மாலையின் லோ வோல்டேஜும் தெரியாது. பட்டையின் இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், இல்லாவிட்டால் தூர முனை மங்கலாக இருக்கும். டிம்மர் வேண்டாம். மூன்றாவது லென்ஸின் துவாரம். மின்முறையில் மூடும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் சரியாக அதே அளவுக்கு மூடுவதில்லை. கையால் திருப்பும் அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸே இந்த வேலைக்கு நல்லது.

பாவைகள்

உருவத்தின் உயரம் 20 செ.மீ. 300 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டை. வசந்தவல்லிக்குத் தலை, கழுத்து, மேலுடல், இடை, இரண்டு மேற்கை, இரண்டு முன்கை, இரண்டு கைத்தலம், இரண்டு பாதம், சேலை மூன்று துண்டு, சடை ஐந்து துண்டு: 20 உறுப்பு. சடையைக் குறைக்க வேண்டாம். உடல் நின்றபின் சடை 4 அல்லது 6 பிரேம் தாமதமாக நிற்பதில்தான் உயிர் இருக்கிறது.

மூட்டுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 30 கேஜ் செம்புக் கம்பி. ஊசியால் துளையிட்டு, இருபுறமும் சுருளாகச் சுற்றித் தட்டையாக அழுத்த வேண்டும். கையை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். விழுந்தால் மூட்டு தளர்வு, தோளையும் இழுத்தால் இறுக்கம். எடைக்குப் பாதத்திலும் இடையிலும் சிறு பித்தளை வாஷர். ஈயத்தகடு எளிதாக வளையும்தான், ஆனால் நாள் முழுக்க விரலில் படும் பொருளுக்கு அது வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை வளையும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை இரு பக்கமும் சமமாக ஒருகை பூசினால் வளைவது நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இன்னும் அதிகமாகச் சுருளும். மைதாப் பசையில் ஒட்டிய எதையும் கரப்பான் தின்றுவிடும், ஃபெவிகால்தான்.

சேலைக்குக் கண்டாங்கிக் கட்டத்தை வைக்க ஆசைப்பட்டால் கட்டத்தைப் பெரிதாக்குங்கள். மிக நுண்ணிய கட்டங்கள் கேமரா சென்சாரின் புள்ளிகளோடு மோதி, பாவை அசையும்போதெல்லாம் வானவில் அலை ஓடும். 6 மி.மீ.க்கு மேல் வைத்தால் தொந்தரவில்லை.

பந்தாட்டம்

இந்தப் படத்தின் மிகக் கடினமான 30 ஆவர்த்தனம். பந்து பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

பந்து தரையில் படும் பிரேம் அட்சரத்தில் விழ வேண்டும்: 1, 17, 33 என்று. இடையில் 16 பிரேம். இதைச் சமமாக 8 ஏற, 8 இறங்க என்று பிரித்தால் இயற்பியல்படி பந்து 54 செ.மீ.தான் உயரும். 150 செ.மீ. பெண்ணுக்கு அது முழங்காலுக்குச் சற்று மேலே. குனிந்துகொண்டே ஆட வேண்டியிருக்கும். உயரத்தை மட்டும் இடுப்புக்கு ஏற்றினால் பந்து இயல்பைவிட வேகமாக ஏறி இறங்கிப் பொய்யாகத் தெரியும். விடை கையில் இருக்கிறது. ஆடுபவள் பந்தை அடித்து இறக்குகிறாள், எனவே இறக்கம் ஏற்றத்தைவிட வேகம். 10 பிரேம் ஏற, 6 பிரேம் இறங்க என்று பிரித்தால் 10 பிரேமில் பந்து 85 செ.மீ. ஏறும். இடுப்பு உயரம், கைக்கு எட்டும் இடம்.

பாவை அளவில் 85 செ.மீ. என்பது 11.3 செ.மீ. ஏற்றம் ஐந்து படம்: 4.1, 3.2, 2.3, 1.3, 0.4 செ.மீ. இறக்கம் மூன்று படம்: 2.9, 3.8, 4.6. இந்த எண்களை ஒரு மெல்லிய அக்ரிலிக் பட்டையில் கோடாகக் கீறி, பந்தின் பாதையில் செங்குத்தாக வைத்து அளந்து, படமெடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். தரையில் படும் படத்துக்கு மட்டும் அகலம் 15 சதவீதம் கூடிய, உயரம் அவ்வளவு குறைந்த மாற்றுப் பந்து.

இரண்டு அட்சரத்துக்கு ஒரு துள்ளல் வேண்டுமென்றால் பந்தை மேலே வீசிவிடுங்கள். 16 பிரேம் ஏற்றத்தில் அது 2 மீட்டருக்கு மேல், தலைக்கு மேலே போகும். ‘குழைந்து குழைந்தாட’ என்று வரும் அடியில் இப்படி வீசியதால் அண்ணாந்து பார்க்கும் முகபாவம் தானாகக் கிடைத்தது.

முதலடியில் ஒலிப்பது கைவளை (‘வண்டு’), இரண்டாமடியில் சிலம்பும் தண்டையும். முதலடியில் படம் கையை நோக்கியும் இரண்டாமடியில் காலை நோக்கியும் இருந்தால் பாட்டுக்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.

மலையும் அருவியும்

குறத்தி மலைவளம் பாடும்போது கேமரா நகர வேண்டும். நகர்வது மேசைத் தட்டுகள்தான். முன்னடுக்கு பிரேமுக்கு 3 மி.மீ., நடு 1.5, பின்னடுக்கு 0.5. விளிம்பில் எஃகு ஸ்கேல் ஒட்டியிருக்க வேண்டும். நகரும் பின்னணியை ஒவ்வொரு பிரேமுக்கும் எடுங்கள். இரண்டு பிரேமுக்கு ஒன்றாக எடுத்தால் வெட்டி வெட்டி இழுக்கும். பின்னணி ஒற்றைப் பிரேமிலும் நடக்கும் குறத்தி இரட்டைப் பிரேமிலும் இருந்தால் அவள் கால் தரையில் வழுக்கும். அந்த ஷாட்டில் அவளும் ஒற்றைப் பிரேமுக்கு மாற வேண்டும். படம் இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

அருவிக்குக் கறுப்பு மசி பூசிய மூன்று அசிடேட் தாள்களில் ஊசியால் கோடு கீறி, பின்னொளியில் வெவ்வேறு வேகத்தில் இறக்க வேண்டும். கோடுகளைச் சம இடைவெளியில் கீறக் கூடாது. இடைவெளி 10 மி.மீ.யாக இருந்து தாளையும் 10 மி.மீ. இறக்கினால் அருவி நின்றுவிடும். 6 இறக்கினால் நீர் மேலே ஏறும். ஒழுங்கற்ற இடைவெளி, படத்துக்கு 4 மி.மீ.க்குள் நகர்வு என்றால் தப்பாது. கீழே தெறிக்கும் சாரலுக்கு ரவையைத் தூவினால் இரவில் எறும்பு வந்து சாரலையே மாற்றிவைத்துவிட்டுப் போகும். உப்பு ஈரம் இழுக்கும். கல்மாவுக் கோலப்பொடிதான் நிலையானது. கண்ணாடியைக் கீறாமலிருக்க அடியில் ஓர் அசிடேட்.

சிங்கனின் பறவைகள்

பெரிய பறவைக்கு எட்டுப் படச் சுழற்சி: 16 பிரேம், ஓர் அட்சரத்துக்கு ஒரு சிறகடிப்பு. சிட்டுக்கு நான்கு படம், ஒற்றைப் பிரேமில், அட்சரத்துக்கு நான்கு சிறகடிப்பு. கூட்டமாக வரும்போது எல்லாம் ஒரே படத்தில் தொடங்கினால் இராணுவ அணிவகுப்பு; ஒவ்வொன்றையும் சுழற்சியின் வேறு வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். சிறகு கீழே அழுந்தும் படத்தில் உடல் 2 மி.மீ. மேலே எழ வேண்டும்.

பறவை பிடிப்பவன் தன் துணையைத் தேடி அலைவது வியன்னாவில் 1791-ல் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவிலும் உண்டு. அந்தப் பறவைக்காரன் பாபகேனோவை வைத்து ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1935-லேயே கறுப்புத் தாள் வெட்டுப் படம் செய்துவிட்டார். நம் சிங்கனும் சிங்கியும் அந்த ஓபராவைவிட மூத்தவர்கள். இதே முறைக்கு அவர்கள் எவ்வளவு பொருத்தம் என்பதை ரைனிகரின் பாவைகளைப் பார்த்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

சிங்கன் கேட்க, சிங்கி சொல்ல

அனிமேஷனுக்காகவே எழுதியது போன்ற பகுதி இதுதான். பரிசாகப் பெற்ற நகைகளோடு வந்து நிற்கும் சிங்கியைப் பார்த்து, காலில் விரியன் கடித்துக் கிடக்கிறதே என்கிறான் சிங்கன். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். நாங்கூழ்ப் புழுப்போல் (மண்புழுபோல்) நெளிகிறதே என்றால் அது பாடகம் என்னும் கால்நகை. செத்த தவளையைக் கட்டியிருக்கிறாயே என்றால் அது மணிக்கெச்சம், அதாவது மணிகள் கோத்த சதங்கை. மேடையில் இதைக் கையசைவால் குறிப்பு மட்டுமே காட்ட முடியும். இங்கே விரியனே சிலம்பாக மாறலாம்.

திச்ர நடை, அட்சரத்துக்கு 18 பிரேம். கேள்வி ஓர் ஆவர்த்தனம் 144 பிரேம், பதிலும் அவ்வளவே. ‘இத்தனை நாளாக என்னுடன் சொல்லாமல் எங்கே நடந்தாய்நீ’ என்பது ஆறு அட்சரத்தில் முடிந்து, ‘சிங்கி’ என்ற விளி ஏழாவதில் விழுகிறது. எட்டாவது வெறுமை. மற்றக் கேள்விகளையும் இதே அச்சில் வைத்தால், விளியும் வெறுமையும் சேர்ந்த 36 பிரேம், 18 படம்: உருமாற்றத்துக்கான இடம் அதுவே. அதற்கு முன் மாறினால் கேள்வி பாழ், பதில் தொடங்கியபின் மாறினால் சிங்கியின் சொல்லுக்கு வலுவில்லை.

18 படத்துக்கும் 18 தனி வெட்டுத்தாள். அலுவலக பஞ்சிங் மிஷினின் இரு துளைகள் 80 மி.மீ. இடைவெளியில் இருக்கும், மேசை விளிம்பில் அதே இடைவெளியில் இரண்டு 6 மி.மீ. பித்தளைத் தண்டு நட்டால் தாள்கள் முடியளவும் விலகாமல் உட்காரும். முதல் 4 படத்தில் மாற்றம் மிகச் சிறிது: விரியன் தலையைத் தூக்குகிறது, அவ்வளவுதான். நடு 8-ல் உடல் சுருண்டு வாலும் தலையும் கூடுகின்றன. கடைசி 6-ல் செதில்கள் சிலம்பின் அரும்பு வேலையாக மெல்ல அடங்குகின்றன. எல்லாவற்றிலும் உருவத்தின் பரப்பளவு ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். கட்டத்தாளில் வைத்துக் கட்டம் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பரப்பு திடீரென்று சுருங்கினால் பாம்பு மறைந்து சிலம்பு வந்ததாகத் தோன்றும். அதுவே இது என்று தோன்றாது. தவளைக்கு இது கடினம், அதன் உடல் பெரிது. தவளையின் கால்கள் முதலில் கயிறாக நீண்டு, உடல் ஒவ்வொரு மணியாகப் பிரிவதாக வைத்தபோது கணக்குச் சரியாக வந்தது.

வாயசைவுக்கு இங்கே ஆறு வாய் போதும்: மூடியது (ப, ம), பற்கள் உதட்டில் படுவது (வ), அகலத் திறந்தது (அ, ஆ), பக்கவாட்டில் விரிந்தது (இ, எ), குவிந்தது (உ, ஒ), பாதி திறந்தது மற்ற மெய்களுக்கு. மூடிய வாய் இரண்டு பிரேமாவது நிற்க வேண்டும், ஒலிக்கு இரண்டு பிரேம் முன்பே வர வேண்டும். நீண்ட ஆகாரத்தில் வாயை ஆட்டாமல் புருவத்தையும் கழுத்தையும் அசையுங்கள்.

திரையிடும்போது

படம் ஒலிக்குச் சற்று முந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலி முந்தினால் பொறுக்காது. பந்தும் வாயும் ஒரு பிரேம் முன்னதாக இருக்கும்படி மொத்த ஒலித்தடத்தையும் ஒரு பிரேம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறோம். ஒலி ஒரு பிரேம் நேரத்தில் 14 மீட்டர் போகும். வீட்டு வளவில் திரை கட்டிக் காட்டும்போது இது போதும். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிகள் மேடையில் மட்டும் இருந்து, கடைசி வரிசை 28 மீட்டர் தள்ளி இருந்தால் அங்கே உட்கார்ந்தவருக்கு மூன்று பிரேம் விலகும். பந்தாட்டத்தில் அது தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒலியைத் தள்ளாத தனிப் பிரதி ஒன்றைக் கொண்டுபோங்கள். முடிந்தால் மண்டபத்தின் நடுவில் இன்னொரு ஜோடி ஒலிபெருக்கி வைத்து, மேடையிலிருந்து அது இருக்கும் தூரத்துக்கு ஏற்ப, 14 மீட்டருக்கு 41 மில்லிசெகண்ட் என்ற கணக்கில், மிக்ஸரில் தாமதம் கொடுங்கள்.